பழைய துவக்கு கைக்கு வந்தால்: முதலில் படியுங்கள்

போன மாரிக்கு முன், மட்டக்களப்பு மண்டூரில் இருக்கும் என் மருமகன், அக்காவின் மகன், தொலைபேசியில் ஒரு படம் அனுப்பினான். பழைய வீட்டின் ஓட்டைப் பிரிக்கும்போது, வளைக்கும் சுவருக்கும் இடையில் சாக்கில் சுற்றிச் செருகியிருந்த இரட்டைக்குழல் துவக்கு. கீழே எழுதியிருந்தான்: "மாமா, ஆர்ர துவக்கு எண்டு தெரியா. எண்ணெய் போட்டா வெடிக்குமா?"

உடனே எடுத்துப் பேசினேன். "மனே, அதத் தொடாத. குதிரைய இழுத்துப் பாக்காத. நான் வாறன்." குதிரை என்றது, விசையை இழுத்ததும் தட்டி வெடிக்க வைக்கும் சுத்தியை.

முப்பது வருடம் நெல் ஆலைகளில் மெஷின் திருத்தியவன் நான். வெல்லாவெளிப் பக்கம் எங்கள் வட்டையில் வேளாண்மையும் செய்கிறேன். காட்டுப்பன்றிக் காவலுக்கென்று என் பெயரில் அனுமதிப்பத்திரத்தோடு ஒரு துவக்கு இருக்கிறது. அப்பாவிடமும் ஒன்று இருந்தது. 1980களில் இந்தப் பக்கத்து வீட்டுத் துவக்குகள் பலவும் கைமாறிப் போன காலத்தில் அதுவும் போய்விட்டது. அந்தத் துவக்கின் குழலில் என்ன எழுதியிருந்தது என்று அப்பாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்தக் குறை இன்றும் மனதில் கிடக்கிறது. அதற்குப் பிறகு எந்தத் துவக்கைக் கண்டாலும் அதன் இரும்பில் உள்ள எழுத்தைத்தான் முதலில் தேடுவேன். பழைய துவக்கு தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும். யார் செய்தது, எந்தக் காலம், என்ன மருந்தைத் தாங்கும், சுடலாமா கூடாதா, எல்லாம் அதில் இருக்கும். பெரும்பாலானோர் அதைப் படிக்காமலே எண்ணெய் போட்டு, தோட்டா போட்டு, விசையை இழுத்து விடுகிறார்கள்.

தொடுவதற்கு முன்

சட்டத்தை முதலில் சொல்கிறேன். இலங்கையில் துவக்குகளுக்கான கட்டளைச் சட்டம் 1916இல் வந்தது, பின்னர் பல முறை திருத்தப்பட்டது. பழையது, துருப்பிடித்தது, சுவரில் தொங்கவிடத்தான் என்பதெல்லாம் அனுமதியில்லாமல் வைத்திருக்கக் காரணம் ஆகாது. அனுமதிப்பத்திரம் ஆளுக்கு உரியது. அப்பா இறந்தால் அவருடைய பத்திரம் மகனுக்குத் தானாக வராது. துவக்கைப் பாரப்படுத்தி, மகன் தன் பெயரில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். பயிர்க் காவலுக்கான துவக்கென்றால் கிராம சேவகர், பிரதேச செயலகம், மாவட்டச் செயலகம், பொலிஸ் அறிக்கை என்று விண்ணப்பம் நடக்கும். கிடைத்த பத்திரமும் டிசம்பர் 31 வரைதான் செல்லும், வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும்.

கூரையிலும் கிணற்றடியிலும் துவக்கு அகப்பட்டால் அதை மோட்டார் சைக்கிளில் வைத்துப் பொலிசுக்குக் கொண்டுபோக வேண்டாம். வழியில் மறித்தால் விளக்கம் சொல்லிப் புரியவைப்பது கடினம். கிராம சேவகரிடம் சொல்லுங்கள், அவரோடு சேர்ந்து பொலிசுக்குச் சொல்லுங்கள், அவர்கள் வந்து எடுக்கட்டும். நாங்கள் அப்படித்தான் செய்தோம். வயலில் உழும்போது செல், கைக்குண்டு போன்ற எதைக் கண்டாலும் கிட்டப் போகவே வேண்டாம். கம்பு நட்டு அடையாளம் வைத்துவிட்டு ஆட்களை விலக்குங்கள், பொலிசுக்குச் சொல்லுங்கள். அது சேகரிப்புப் பொருள் இல்லை.

அடுத்தது, உள்ளே மருந்து இருக்கிறதா என்பது. பின்பக்கம் திறக்கும் துவக்கென்றால், குழல் ஆளில்லாத பக்கம் பார்க்க, விசையில் விரல் படாமல், பூட்டைத் திறந்தால் தெரிந்துவிடும். வாய்வழி மருந்து போட்டுக் கெட்டிக்கும் கேப்புத் துவக்குதான் ஆளைக் கொல்வது. கேப்பு என்பது குதிரை தட்டினால் தீப்பொறி விட்டு மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி. தாத்தா கெட்டித்து வைத்த மருந்து பேரன் காலம் வரை உள்ளேயே கிடக்கும். கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் எத்தனை வருடமானாலும் வெடிக்கும். பார்க்கும் வழி எளிது. மெல்லிய மரக்கம்பொன்றைக் குழலுக்குள் அடிவரை விடுங்கள். வாயோடு வரும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். கம்பை வெளியே எடுத்து, அந்தக் கோட்டைக் குழல் வாயோடு பிடித்து, வெளிப்பக்கமாகக் குழலோடு சேர்த்து வையுங்கள். கம்பின் நுனி கேப்பு செருகும் இடம் வரை வந்தால் குழல் வெறுமை. நாலு விரல் முன்னாலேயே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. அப்போது கிண்டாதீர்கள். சூடு காட்டாதீர்கள். அங்கேயே விட்டுவிட்டுப் பொலிசுக்குச் சொல்லுங்கள். கம்பை விடும்போது உங்கள் தலையும் மார்பும் குழல் வாய்க்கு நேரே வரக்கூடாது, பக்கவாட்டில் நில்லுங்கள்.

எழுத்தைப் படிப்பது

எங்கள் பக்கத்துப் பழைய துவக்குகளில் இங்கிலாந்தில் செய்தவை நிறைய. பிரித்தானியக் காலத்தில் பெரிய வயல்காரரான போடியார்மார் கொழும்புக் கடைகளில் வாங்கியவை அவை. இங்கிலாந்தில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. எந்தத் துவக்கையும் விற்கும் முன் அளவுக்கு மிஞ்சிய மருந்தைப் போட்டுச் சுட்டுப் பார்ப்பார்கள். குழல் தாங்கினால் முத்திரை குத்துவார்கள். லண்டனில் இந்தச் சோதனைக்குப் பொறுப்பான துவக்குச் செய்வோர் சங்கத்துக்கு 1637இலேயே அரச பட்டயம் கிடைத்தது. பேர்மிங்காம் சோதனைச் சாலை 1813இல் பாராளுமன்றச் சட்டத்தால் அமைந்தது. நம் கைக்கு வருவது பெரும்பாலும் பேர்மிங்காம்தான்.

குழலை மரக் கட்டையிலிருந்து பிரித்துத் திருப்பினால், மருந்து வெடிக்கும் பகுதியின் அடிப்புறத் தட்டையில் அந்த முத்திரைகள் இருக்கும். துருவில் மறைந்திருந்தால் உப்புத்தாளை எடுக்காதீர்கள். உப்புத்தாள் போட்டால் துரு போகும், அதோடு எழுத்தும் போகும். கொஞ்சம் மெஷின் எண்ணெய் தடவி ஒரு நாள் விடுங்கள். பழைய செப்புச் சதக்காசு ஒன்று இருந்தால் அதன் விளிம்பால் மெதுவாகச் சுரண்டுங்கள். செம்பு துருவை எடுக்கும், இரும்பைக் கீறாது. என்னிடம் அம்மப்பாவின் உண்டியலில் இருந்த ஒரு சதக் காசு இருக்கிறது, இந்த வேலைக்கென்றே வைத்திருக்கிறேன். துடைத்த பிறகு வெண்கட்டியைத் தேய்த்துவிட்டு விரலால் வழித்தால் பள்ளத்தில் வெள்ளை நிற்கும், எழுத்து துலங்கும். அதன் மேல் மெல்லிய கடதாசி வைத்துப் பென்சிலால் நீவிப் படி எடுத்து வையுங்கள். தொலைபேசிப் படத்தில் தெரியாததும் அந்தப் படியில் தெரியும்.

இனி வாசிப்பு. சாய்சதுரத்துக்குள் 12 என்ற எண்ணும் அதன் கீழ் ஆங்கில சி (C) எழுத்தும் இருந்தால் அது பன்னிரண்டாம் நம்பர் தோட்டா அறை. 1887இலிருந்து வந்த அடையாளம். பன்னிரண்டு என்றால் என்ன? ஒரு இறாத்தல் ஈயத்தைச் சம அளவில் பன்னிரண்டு உருண்டையாக்கினால் ஓர் உருண்டை அந்தக் குழலுக்குச் சரியாக இருக்கும். அளந்தால் 0.729 அங்குலம், ஏறக்குறைய பதினெட்டரை மில்லிமீற்றர். பதினாறாம் நம்பர் அதைவிடச் சிறியது, காரணமும் அதுதான். வேறிடத்தில் 13 என்றோ 13/1 என்றோ எண் இருந்தால் குழம்ப வேண்டாம், அது தோட்டா எண் அல்ல, குழலின் உள்ளளவு.

அடுத்து மிக முக்கியமான கேள்வி: இந்தக் குழலை எந்த மருந்துக்குச் சோதித்தார்கள்? கருமருந்து குழலை ஒரு விதமாக அழுத்தும். இன்றைய தோட்டாவில் உள்ள புகையில்லா மருந்து வேறு விதமாக அழுத்தும். பேர்மிங்காம் துவக்கில் 1904க்குப் பிறகு, கிரீடத்தின் கீழ் ஆங்கில என், பி (NP) எழுத்துகள் சேர்ந்திருந்தால் புகையில்லா மருந்துச் சோதனையில் தேறியது என்று பொருள். லண்டன் துவக்கென்றால் வளைந்த வாளேந்திய கை ஒன்று மேலே இருக்கும். பேர்மிங்காமில் 1954க்குப் பிறகு கிரீடத்தின் கீழ் பி, என், பி (BNP) என்று மூன்று எழுத்தாக வரும், பக்கத்தில் சதுர அங்குலத்துக்கு எத்தனை தொன் அழுத்தம் என்றும் குத்தியிருப்பார்கள். இந்த அடையாளங்களில் ஒன்றும் இல்லையென்றால் கருமருந்துக் காலத்துக் குழல் என்று எடுத்துக்கொண்டு, கடைத் தோட்டாவை அதற்குள் விடவே கூடாது. பக்கத்து வீட்டார் சுட்டார், ஒன்றும் நடக்கவில்லை என்று யாராவது சொல்வார்கள். அந்தப் பேச்சைக் கேட்டு இரண்டு விரல் இழந்தவரை எனக்குத் தெரியும்.

'குண்டு போடக்கூடாது' என்ற பொருளில் மூன்று ஆங்கிலச் சொற்கள் சில குழலில் இருக்கும். 1875க்கும் 1887க்கும் இடையில் குத்தியது. வாய் ஒடுக்கமான குழல் அது. சன்னம் என்ற சின்ன ஈய உருண்டைகள் போகும், ஒற்றை ஈயக்குண்டு போனால் வாய் பிளக்கும்.

அளவு

முத்திரை தேறினாலும் வேலை முடியவில்லை. பழைய இங்கிலாந்துத் துவக்குகளின் தோட்டா அறை பெரும்பாலும் 2½ அங்குலம். இன்று கிடைக்கும் தோட்டாக்களில் 2¾ அங்குலமானவையே அதிகம், அதாவது 70 மில்லிமீற்றர். இதில் ஒரு பொறி இருக்கிறது. அந்த எழுபது என்பது வெடித்து விரிந்த தோட்டாவின் நீளம். வெடிக்கும் முன் அதன் வாய் மடிந்திருப்பதால் கட்டையாக இருக்கும். ஆகவே சின்ன அறைக்குள்ளும் தாராளமாகப் போகும், பூட்டும் சரியாக மூடும். வெடிக்கும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் குழல் ஒடுங்கும் இடத்தில் போய்த் தடுக்கும். சன்னமும் மருந்தும் அந்த ஒடுக்கத்தால் நெரிபட்டுப் போக வேண்டும். அழுத்தம் ஏறும். துவக்கு மூடுகிறது, ஆகவே தோட்டா சரி என்று நினைப்பது இந்த விடயத்திலேயே மிகப் பெரிய பிழை.

அறையை அளக்க நான் 20 மில்லிமீற்றர் அகலத்தில் ஒரு பித்தளைத் தகட்டுத் துண்டு வெட்டி, பக்கத்தில் மில்லிமீற்றர் கோடு கீறி வைத்திருக்கிறேன். பின்னாலிருந்து விட்டால் அறை ஒடுங்கத் தொடங்கும் இடத்தில் முட்டி நிற்கும். 65இல் நின்றால் சின்ன அறை, 70இல் நின்றால் பெரியது. 1925க்குப் பிந்திய துவக்குகளில் அறையின் நீளத்தையும் குத்தியிருப்பார்கள். குத்தியிருந்தாலும் அளந்து பாருங்கள். இடையில் யாரோ பட்டறைக்காரர் அறையை நீட்டிவிட்டிருக்கலாம்.

குழலின் உடலையும் பாருங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தால், நல்ல குழலில் வளையம் வளையமாக ஒளி ஒழுங்காக ஓடும். ஓரிடத்தில் நிழல் வளைந்தால் வெளியே அடிபட்ட பள்ளம். முழுச் சுற்றாகக் கருவளையம் தெரிந்தால் உள்ளே குழல் ஊதியிருக்கிறது, முன்னொரு நாள் வாயில் சேறோ துணியோ அடைத்திருக்கச் சுட்டிருப்பார்கள். அப்படிப்பட்டதைச் சுட வேண்டாம். இரட்டைக் குழலைப் பிரித்து நூலில் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டினால் கோயில் மணி போல நீண்டு ஒலிக்க வேண்டும். தகரம் போல் 'டக்' என்று அடங்கினால், இரண்டு குழலையும் சேர்க்கும் பட்டியில் ஒட்டு விட்டிருக்கிறது. இதை ஆலை வேலையில் உருளைகளைத் தட்டிப் பார்த்துப் பழகியதால் எனக்கு உடனே பிடித்துப் போயிற்று.

குழலின் வெளிப்புறத்தில் பன்பாய்ப் பின்னல் போல வரிவரியாக ஓடினால் அது டமாஸ்கஸ் குழல். இரும்பையும் உருக்கையும் கீற்றாக முறுக்கி, ஒரு கோலில் சுற்றி, அடித்துப் பற்றவைத்துச் செய்தது. அத்தனை அழகு. ஆனால் அதன் உடல் முழுக்க ஒட்டுகள்தான், எந்த ஒட்டுக்குள் துரு ஓடியிருக்கிறது என்பதை வெளியிலிருந்து ஒருவராலும் சொல்ல முடியாது. வாவிக் காற்றில் நூறு வருடம் இருந்த டமாஸ்கஸ் குழலை நான் சுட மாட்டேன், சுடும் இடத்தில் நிற்கவும் மாட்டேன்.

கொல்லர் பட்டறையில் தண்ணீர்க் குழாயைக் கொண்டு செய்த நாட்டுத் துவக்கைப் பற்றிப் படிக்க ஒன்றும் இல்லை. அதில் முத்திரை இல்லை, சோதனை இல்லை, சட்டமும் இல்லை. தட்டுப்பட்டால் தானாக வெடிக்கும்படி வேலியில் கட்டி வைக்கும் கட்டுத்துவக்கு அதைவிடக் கொடுமை. பன்றிக்கென்று கட்டுவார்கள், யானைக் கன்றும் விறகுக்குப் போகும் ஆளும் மாட்டுவார்கள். எங்கள் ஊரில் பத்தொன்பது வயதுப் பையன் முழங்காலுக்குக் கீழ் காலை இழந்தான். அதைக் கட்டுகிறவர்கள் யாராக இருந்தாலும் நேரே கேட்டு நிறுத்துங்கள்.

றைபிள் பற்றி

303 போன்ற இராணுவ றைபிளை வீட்டில் வைத்திருக்க நம் நாட்டில் சாதாரண ஆளுக்கு வழி கிடையாது. நமக்கு அது பொலிஸ்காரர் தோளில் பார்த்த பழைய சாமான். ஆனால் வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் சிலர் சட்டப்படி வாங்கிச் சேர்க்கிறார்கள். கனடாவின் ஸ்காபரோவில் இருக்கும் என் மச்சான் ஒருவரிடம் நான்கு இருக்கின்றன. பாதுகாப்பு வகுப்புக்குப் போய்ச் சோதனை எழுதி, அனுமதி அட்டை எடுத்து வாங்கியவை. இரண்டு கோடை அவர் வீட்டில் தங்கியிருந்தபோது, அவர் பக்கத்தில் நின்று கண்காணிக்க, சுடுதளத்தில் நானும் சுட்டேன். அங்கே படித்ததை அவர்களுக்காக எழுதுகிறேன்.

லீ என்பீல்ட் என்பது பத்துத் தோட்டா பிடிக்கும் 303 போல்ட் றைபிள். போல்ட் என்பது ஒவ்வொரு தடவையும் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் இரும்புத் தண்டு. இரண்டு உலகப் போரிலும் பிரித்தானியப் படைகள் தூக்கியது. முதற் போருக்குரிய வகை 1907இல் வந்த மூன்றாம் மார்க். இரண்டாம் போருக்குரியது நம்பர் 4. இதிலும் படிக்க வேண்டும். பழைய வகையில் விசைக்கு மேலே கட்டையின் கழுத்தைப் பிடிக்கும் இரும்பு வளையத்தில் கிரீடம், அரசர் பெயரெழுத்து, தொழிற்சாலை, வருடம் எல்லாம் இருக்கும். இங்கிலாந்தின் என்பீல்ட், பிஎஸ்ஏ, அவுஸ்திரேலியாவின் லித்கோ, இந்தியாவின் இஷாப்பூர் என்று எங்கே செய்தது என்று அதிலேயே தெரியும். நம்பர் 4இல் எழுத்து இடப்பக்க உடலில் வரும். மச்சானிடம் உள்ள ஒன்றில் லோங் பிராஞ்ச் 1943 என்று இருக்கிறது. அந்தத் தொழிற்சாலை ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் ஏரிக்கரையில் இருந்தது. போர்க்காலத்தில் அங்கே வேலை செய்தவர்களில் பாதிக்கும் மேல் பெண்கள். அதன் பரிசோதனைக் கட்டடம் இன்னும் நிற்கிறது, கலை நிகழ்ச்சிகள் நடக்கின்றன. அவர் வீட்டிலிருந்து காரில் போய்ப் பார்த்தோம். றைபிள் பிறந்த இடத்தை அதன் சொந்தக்காரரோடு போய்ப் பார்த்தது எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஆங்கில டி, பி (DP) எழுத்துகள் சேர்ந்திருந்தால் அது அணிவகுப்புப் பயிற்சிக்கு ஒதுக்கியது, சுடக்கூடாது. அகன்ற அம்புக்குறி அரசாங்கச் சொத்து. இரண்டு அம்பு நுனியோடு நுனி முட்டினால் அரசாங்கம் விற்றுவிட்டது என்று பொருள். சி எழுத்துக்குள் அம்பு இருந்தால் கனடா அரசு. உடலிலும் போல்டின் கைப்பிடியிலும் உள்ள தொடர் எண் ஒன்றாக இருக்கிறதா என்று வாங்கும் முன் பாருங்கள். எண் மாறியிருந்தால் வேறு றைபிளின் போல்ட். தோட்டாவின் அடிக்கும் போல்டின் முகத்துக்கும் உள்ள இடைவெளி கூடிப்போயிருக்கலாம், அப்படியானால் பித்தளைக் கூடு நீண்டு அறுந்து, சூடான வாயு முகத்தை நோக்கி வரும். நம்பர் 4இல் இதைச் சரிசெய்ய 0 முதல் 3 வரை நாலு அளவில் போல்ட் தலை உண்டு. அளவுக்கட்டையோடு இதைப் பார்ப்பது துவக்குத் திருத்துநரின் வேலை, அவரிடம் காசு கொடுத்துப் பாருங்கள். குண்டைச் சுழற்றி அனுப்பக் குழலுக்குள் வெட்டிய காடிகளில் ஐந்துக்குப் பதில் இரண்டே காடி தெரிந்தால் பயப்பட வேண்டாம். போர்க்கால அவசரத்தில் லோங் பிராஞ்ச் அப்படிச் செய்தது, நேராகவே சுடும்.

கட்டையை முன்னால் வெட்டி வேட்டைத் துவக்காக்கிய றைபிள்கள் மலிவாகக் கிடைக்கும். சுட்டுப் பழக அது போதும். முழுக் கட்டையோடு இருப்பதை மட்டும் யாரும் இனி வெட்டக்கூடாது, வார்னிஷ் அடிக்கவும் கூடாது. அந்த மரம் கேட்பது ஆளிவிதை எண்ணெய் மட்டும். மெல்லியதாகத் தடவி, கையால் சூடேறத் தேய்த்து, காயவிட்டு, திரும்பவும் தடவ வேண்டும்.

303 தோட்டாவுக்கு அடியில் விளிம்பு உண்டு. நிரப்பும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் நிற்க வேண்டும். மாறினால் ஒன்றில் ஒன்று கொழுவி போல்ட் நகராது. பழைய இராணுவத் தோட்டாவில் மருந்து தூளாக இல்லாமல் கோர்டைட் என்ற நூல் வடிவில் இருக்கும். மச்சான் காட்டினார், காய்ந்த இடியப்பச் சிக்கைக் கூட்டினுள் நெட்டுக்கு அடுக்கியது போல இருந்தது.

அந்தப் பழைய தோட்டாவில்தான் துருவின் வித்து இருக்கிறது. அதன் கேப்பில் உள்ள இரசாயனம் வெடித்ததும் ஒருவகை உப்பாகிக் குழல் முழுக்கப் படியும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மச்சான் முதல் வருடம் எண்ணெய் மட்டும் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறார், இரண்டு வாரத்தில் குழலுக்குள் செம்மண் நிறம். எண்ணெயில் உப்புக் கரையாது, தண்ணீரில்தான் கரையும். கடலோரத்தில் பிறந்த நமக்கு இது சொல்லித்தரத் தேவையில்லாத விடயம், ஆனாலும் துவக்கில் தண்ணீர் ஊற்றக் கை கூசுகிறது. கூசாமல் ஊற்றுங்கள். சுட்ட அன்றே, போல்டைக் கழற்றி, பின்பக்கம் புனல் வைத்து, கொதிநீர் ஒரு லீற்றர் அளவுக்கு ஊற்றுங்கள். சூட்டில் குழல் தானாகக் காயும். காய்ந்த துணி இரண்டு மூன்று இழுத்த பிறகுதான் எண்ணெய். போல்டின் முகத்தையும் மறக்க வேண்டாம். பிரித்தானிய இராணுவமே இந்தக் கொதிநீர் வேலைக்கென்று புனல் வைத்திருந்தது. பின்கட்டையின் அடியில் உள்ள சின்ன மூடியைத் திறந்தால் எண்ணெய்ப் புட்டியும் இழுகயிறும் வைக்க இடம் இருக்கும்.

சுடும்போது

முதல் நாள் ஒரு தோட்டா மட்டும் போடுங்கள். புதிதாகச் செய்த கடைத் தோட்டாவாக இருக்கட்டும். கண்ணாடியும் காதடைப்பும் கட்டாயம். சுட்டதும் கூட்டை எடுத்துப் பாருங்கள். அடியிலிருந்து ஒரு விரல் மேலே பளபளவென்று வளையம் விழுந்திருந்தால் கூடு நீள்கிறது, அன்றைக்கு நிறுத்துங்கள். விசையை இழுத்து 'டிக்' என்று மட்டும் கேட்டால் போல்டைத் திறக்காதீர்கள். குழல் இலக்கையே பார்க்க, முழுதாக ஒரு நிமிடம் அப்படியே பிடித்திருங்கள். பழைய தோட்டா பிந்தி வெடிக்கும். எனக்கு ஒரு தடவை இரண்டு மூச்சு விட்ட பிறகு வெடித்தது. மச்சான் முன்பே சொல்லி வைத்திருந்ததால் துவக்கைத் தாழ்த்தாமல் நின்றேன்.

நம் வயலில் பன்றிக்குச் சுடுவதென்றாலும் இதே ஒழுங்குதான். மழைக்காலத்தில் கடதாசித் தோட்டா ஊதும். அறைக்குள் இறுக்கிப் போகிறதை அழுத்திப் போடாதீர்கள், அடியில் பச்சைக் களிம்பு பிடித்ததையும் ஒதுக்குங்கள். வரம்பில் விழுந்து எழும்பினால் முதலில் தோட்டாவை எடுத்துவிட்டுக் குழல் வாயில் சேறு இருக்கிறதா என்று பாருங்கள். காவல் வாடிக்குள் ஏறும்போது துவக்கு வெறுமையாக இருக்க வேண்டும். பற்றை அசைகிறது என்பதற்காக ஒருநாளும் சுடக்கூடாது. பற்றைக்குப் பின்னால் அடுத்த வட்டைக் காவல்காரர் இருப்பார்.

வைத்திருப்பது

தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் பிசினாகும். மண்ணெண்ணெயால் அழுக்கை எடுத்து, தையல் மெஷின் எண்ணெயை மெல்லியதாகத் தடவினால் போதும். நிறையப் போட்டால் அது வழிந்து கட்டையின் கழுத்தில் ஊறி மரத்தை இளக்கும். அதனால் நான் குழல் வாய் கீழே பார்க்கத்தான் நிறுத்தி வைப்பேன். சாக்கிலும் தோலுறையிலும் வைத்துப் பூட்டினால் ஈரத்தையும் சேர்த்தே பூட்டி வைக்கிறோம். இரும்பு அலுமாரி, நல்ல பூட்டு, தோட்டா வேறு இடத்தில், இரண்டு திறப்பும் ஒருவர் கையில். ஒக்டோபரில் மழை தொடங்கும் முன் ஒரு தடவை, தை கழிந்ததும் ஒரு தடவை, கழற்றித் துடைப்பேன். பத்திரம் புதுப்பிக்கும் அலுவலையும் ஒக்டோபரிலேயே தொடங்கினால் டிசம்பர் வெள்ளத்தில் பாதை மறிபட்டாலும் கவலை இல்லை.

சேர்க்க ஆசை, அனுமதிக்கு வழியில்லை என்பவர்கள் எழுத்தைச் சேர்க்கலாம். அனுமதியுள்ளவர்களிடம் கேட்டு முத்திரைப் படி எடுத்துப் புத்தகமாக்குங்கள். வயதானவர்களிடம் பழைய அனுமதிப்பத்திரங்கள், பழைய படங்கள் கிடக்கும். மட்டக்களப்புக் கோட்டைக்குப் போய் அங்குள்ள பீரங்கிகளின் முதுகைப் பாருங்கள். ஒல்லாந்தர் 1638இல் போர்த்துக்கீசரிடமிருந்து பிடித்த கோட்டை அது. 1765இல் கண்டியிலிருந்து ஒல்லாந்தர் கொண்டுபோன வேலைப்பாடுள்ள பீரங்கி 2023இல் திரும்பி வந்திருக்கிறது, கொழும்பு தேசிய நூதனசாலைக்குப் போகிறவர்கள் அதைத் தேடிப் பார்க்க வேண்டும்.

மருமகனின் துவக்குக்கு வருகிறேன். பொலிசார் வந்து, அறை வெறுமை என்று பார்த்து உறுதி செய்த பிறகு, அங்கேயே படி எடுத்துக்கொள்ள விட்டார்கள். வெளிக்குதிரை வைத்த பேர்மிங்காம் துவக்கு. சாய்சதுரத்துக்குள் 12, கீழே சி. என், பி முத்திரை இல்லை. துருவுக்கு அடியில் பன்பாய் வரி ஓடியது. 1887க்குப் பிறகு, கருமருந்துக்கு மட்டும் சோதித்த துவக்கு என்று அவனிடம் சொன்னேன். அவர்கள் அதைச் சாக்கோடு வாகனத்தில் ஏற்றினார்கள். அக்கா கடதாசியைக் கையில் வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, அந்தச் சின்னக் கிரீடங்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தா. இப்போது அது சட்டம் போட்டு அவவின் முன்வீட்டில் தொங்குகிறது.